தொட்டால்தான் காய்க்கும்

எங்கள் பசுமைக்குடிலுக்குள் முதன்முதலாக நுழைந்த அன்று அப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். யாரும் சொல்லவில்லை. மேலே பாலித்தீன் கூரை, நாலு பக்கமும் சின்னப் பூச்சிகூட நுழைய முடியாத வலை, உள்ளே ஈரமான நிழல். அந்த நிழல் அவருக்குப் பழக்கமானது. சோழவந்தான் பக்கத்துக் கொடிக்கால்களில், அடுத்தவர்களுடைய வெற்றிலைக்குத் தண்ணீர் கட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். கொடிக்காலுக்குள் செருப்புப் போடக் கூடாது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே போகக் கூடாது. போனால் கொடி வாடிவிடும் என்பார்கள். அன்று அவர் வாசலில் கழற்றி வைத்ததை மட்டும்தான் நான் பார்த்தேன். கூடவே உள்ளே கொண்டுபோனதைப் பார்க்கவில்லை.

விளாங்குடியைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து வாய்க்கால் ஓரமாக இறங்கினால் எங்கள் நிலம். குடிலைக் கட்டிய பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு மாடு திரும்ப முடியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜ் முடித்து, மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கம்பெனியில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கொஞ்ச காலம் உட்கார்ந்தும் பார்த்தேன். அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து குடில் போட்டபோது, பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று சிரித்தார். முறைக்கு எனக்கு மாமா.

“ஏ மாப்ள, மனுசன் ஃபேனுக்கே வழியில்லாமக் கெடக்கான். நீ பாவக்காய்க்கு ரூம் கட்டிக் குடுக்கிறியா?”

“ஆமா மாமா. உங்க பாவக்காயில புழுவும் சேந்து குடியிருக்கு. எங்க பாவக்காய் தனிக்குடித்தனம்.”

“படிச்ச வாயி,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆமாம், படித்த வாய்தான். படித்தவன் மண்ணைத் தொட்டால் தோற்றுப்போய்த் திரும்பி வந்தவன் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் தோற்று வரவில்லை. இந்த ஊர் வெயிலிலும் வருடம் முழுவதும் காய் எடுக்க முடியும் என்று நம்பி வந்தேன்.

பாகற்காயைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவர் கோரிப்பாளையத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கும் பாய். “தம்பி, கத்திரிக்கா இல்லேன்னா ஜனங்க முருங்கக்கா வாங்கிட்டுப் போயிரும். சுகர்காரங்க அப்படி இல்ல. பாவக்கா இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிருவாங்க. போனவங்க திரும்ப வர மாட்டாங்க. அதனால எனக்கு வருசம் பூரா வேணும். ஐப்பசி மழையோ சித்திரை வெயிலோ, எனக்குத் தெரியாது. புழு இருக்கக் கூடாது. முடியுமா?”

முடியும் என்றேன். வெளியே வயலில் ஈ வந்து பிஞ்சைக் குத்தி முட்டையிட்டுவிடும். மழைக்காலத்தில் பாதிக் காய் அழுகிப் போகும். எங்கள் வலைக்குள் ஈ வராது. வெயில் காலத்தில் கூரையில் கட்டிய குழாய்கள் பனிபோலத் தண்ணீர் தூவும். குடிலின் ஒரு பாதி காய்த்து ஓயும்போது மறுபாதியில் புதுக்கொடி பந்தல் ஏறியிருக்கும். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வலை தேனீயையும் சேர்த்து நிறுத்திவிட்டது.

முதல் கொடிகள் பூவாகப் பூத்துத் தள்ளின. பிஞ்சு ஒவ்வொன்றும் மஞ்சளாகி உதிர்ந்தது. தேனீ செய்கிற வேலையை இனி நாங்களே கையால் செய்ய வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, அடியில் குட்டிப் பாகற்காய் ஒட்டியிருக்கும் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட வேண்டும். விடியும்போது விரிகிற பூ, வெயில் ஏறினால் சுருங்கிவிடும். காய் வரத் தொடங்கினால் அந்த நேரத்தில் நான் மூட்டைகளோடு கோரிப்பாளையத்தில் நிற்க வேண்டும். அப்பாவோ அந்த வேலையைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பூவுக்குப் பூ சாந்தி முகூர்த்தம் பண்ணி வைக்கிறதா? ஆம்பள பாக்குற வேலையாடா இது?” மோட்டார் போடப் போய்விட்டார்.

ஆகவே அம்மாவும் என் மனைவியும். அம்மாவுக்குக் கண்ணில் புரை. கைக்கு எட்டி, கண்ணுக்குத் தட்டுப்படுகிற பூவைத் தொடுவாள். மீதி முழுவதும் என் மனைவிதான். விளாங்குடிப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அழகுநிலையத்தில் புருவம் திருத்தும் வேலை பார்த்தவள். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, துடிக்கிற கண்ணிமைக்கு மேலே ஒற்றை முடியைப் பிடுங்குகிற கை. “பூ என்ன, வலிக்குதுன்னு கத்தவா போகுது?” என்று சொல்லி முதல் நாளே ஒரு வரிசையை முடித்துவிட்டாள். பாயின் கடைக்குக் காய் போகத் தொடங்கியது.

அவளுக்கு அந்த நாட்கள் வரும்போது மட்டும் அப்பா வாசலில் நிற்பார். அதட்ட மாட்டார். “தாயி, நீ வீட்டுல இரு,” என்பார். ஆரம்பத்தில் அவளும் அதை ஓய்வு என்று எடுத்துக்கொண்டாள். அம்மா தனியாகத் தடவித் தடவித் தொடுவாள். தொடாத பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழும். அப்பா அவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “எவளோ தீட்டோட இந்தப் பக்கம் போயிருக்கா,” என்பார். வாசலில் வேப்பங்கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்.

பூ பொய்த்தால் ரெண்டு வாரம் கழித்துத்தான் கடையில் தெரியும். பாய் முதலில் சிரித்துக்கொண்டே கேட்டார். “என்ன தம்பி, மாசா மாசம் உங்க பாவக்காயும் லீவு எடுக்குதா?” அடுத்த மாதம் அவர் சிரிக்கவில்லை. “கோவிச்சுக்கிறாதீங்க. இன்னொரு தடவ சரக்கு கொறஞ்சுச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிருவேன். எனக்கும் கடை நடக்கணும்ல?”

மற்ற கடைக்காரர்கள் ஊரில் காய்க்குத் தட்டுப்பாடு வந்தால் கூப்பிடுவார்கள். காய் மலிந்தால் போனை எடுக்க மாட்டார்கள். மழையும் வெயிலும் பார்க்காமல் எடுத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான். இவர் போனால் குடில் போய்விடும். நான் மறுபடி கழுத்தில் அட்டை மாட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். கோபத்தில் வருகிற சிரிப்பு. “லீவு எடுக்கிறது பாவக்கா இல்லங்க. என்னைய லீவுல போடுறாங்க.”

அன்றே அப்பாவிடம் பேசினேன். அவள் உள்ளே வராததால்தான் பிஞ்சு உதிர்கிறது என்றேன். அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அவ வராம இருக்கும்போதே இம்புட்டு உதிருதே. வந்தா என்னாகும்?”

எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர் சொன்னதே சரி என்று வந்து நிற்கிற கணக்கு அது.

அடுத்த மாதம் அந்த நாள் வந்தது. நான் காய் மூட்டைகளைப் பால் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் குடிலுக்குப் போனேன். அப்பா ஒரு பிளாஸ்டிக் டிரேயைக் கவிழ்த்துப் போட்டு வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தார். ஆண் பூ போட்டுக்கொள்ளும் டப்பாவோடு என் மனைவி அவர் முன்னால் நின்றாள். பின்னால் அம்மா.

“மாமா, கொஞ்சம் நகருங்க.”

“வேணாம் தாயி. சொன்னாக் கேளு.”

“நான் போயித் தொடுறேன்ப்பா,” என்றேன் நான்.

“நீங்க ஒண்ணும் தொட வேணாம்,” என்றாள் அவள், என்னைத் திரும்பியும் பார்க்காமல். “இன்னைக்கு நீங்க தொடுவீங்க. அடுத்த மாசம் யாரு? நான் எதுக்கு வெளிய நிக்கணும்னு மாமா சொல்லட்டும், நிக்கிறேன்.”

“கொடி செத்துரும். நான் பாத்திருக்கேன்.”

அப்போது அம்மா வாயைத் திறந்தாள். “என்னத்தப் பாத்தீங்க? கொடிக்கால்ல களை பிடுங்க வந்தேன்ல, கல்யாணமான புதுசுல? மாசம் தவறாம அந்த நாள்லயும்தான் உள்ள போனேன். சொன்னா அன்னைக்குக் கூலி இல்ல. அதனால வாயத் தொறக்கல. எனக்கு முன்னாடி களை பிடுங்குனவளும் சொல்லல, பின்னாடி பிடுங்குனவளும் சொல்லல. எந்தக் கொடி செத்துச்சு? மொதலாளி மச்சு வீடு கட்டுனாரே, அது செத்த வெத்தலையிலயா கட்டுனாரு?”

அப்பா உட்கார்ந்தபடியே அம்மா பக்கம் திரும்பினார். வெயில் வலையில் இறங்கத் தொடங்கியிருந்தது.

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றார்.

“சொன்னா நீங்களும் இப்படி வாசல்ல உக்காந்திருப்பீங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. காலை மட்டும் ஒரு பக்கமாக ஒடுக்கிக்கொண்டார். அந்த இடைவெளி வழியாக என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். போகிற போக்கில் வேப்பங்கொத்தை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். நான் அதை வாய்க்காலில் போட்டேன். பயமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பாகற்கொடிக்கு எந்த நோய் வந்தாலும் பழி இனி அவள் தலையில்தான் விழும். ஆனாலும் போட்டேன்.

அன்றும் அடுத்து வந்த நாட்களிலும் அவள் தொட்ட ஒவ்வொரு பூவின் காம்பிலும் ஒரு துண்டு வெள்ளை நூலைக் கட்டினாள். புருவம் எடுக்கிற நூல். “எதுக்கு இது?” என்று கேட்டேன். “வெளைஞ்சா நான் வெளைய வச்சதுன்னு தெரியணும். உதிந்தாலும் தெரியட்டும். எனக்கு ஒளிச்சு வைக்கத் தெரியாது,” என்றாள்.

அப்பா தினமும் வந்து நூல் கட்டிய பிஞ்சுகளைக் குனிந்து பார்த்தார். பக்கத்து வயல் மாமாவுக்கு எப்படியோ விஷயம் எட்டி, வரப்பிலிருந்தே குரல் கொடுத்தார். “என்ன மச்சான், உங்க வீட்டுல பொம்பளைகளுக்குக் காலநேரமே கிடையாதாம்ல?”

அப்பா நிமிரவே இல்லை. “ஒன் பாவக்கால புழு எடுத்தியா? மொத அதப் பாரு,” என்றார்.

பிஞ்சு மஞ்சளாகவில்லை. ஒன்றிரண்டு உதிர்ந்தன, எப்போதும் உதிர்வதுதான். மற்றவை முள்முள்ளாகத் திரண்டு, கரும்பச்சையாகத் தொங்கின. நூலை அவிழ்க்காமலே பறித்து, அப்படியே பாயின் கடையில் இறக்கினேன். அவர் ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி, காய்க்குத் தாயத்தா?”

“ஆமா பாய். இனிமே லீவு எடுக்காது.”

அவர் தராசில் போட்டார். குறையவில்லை. “நாளைக்கும் இதே மாதிரி கொண்டாந்துருங்க,” என்றார், வேறெதுவும் நடக்காததுபோல.

அப்பா மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை இன்றுவரை வரவில்லை. செருப்பை இன்றும் வாசலில்தான் கழற்றுகிறார். வெளி மண்ணில் இருக்கும் நோய் உள்ளே வராது என்பதால் நாங்களும் கழற்றுகிறோம்.

ஆனால் ஒன்று நடந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலையில் என் மனைவிக்குக் கடுமையான வயிற்றுவலி. பூ விரிந்துவிட்டது, இன்னும் ஆளைக் காணோமே என்று அப்பா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாராம்.

“இன்னைக்கு நான் வரல மாமா,” என்றிருக்கிறாள் படுத்தபடியே. “எனக்கு முடியல, அதான். செடிக்காக இல்ல.”

நான் கோரிப்பாளையத்திலிருந்து திரும்பியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. குடிலின் உள்பக்கம் ஆள் நடமாட்டம். வலை வழியாகப் பார்த்தேன். அப்பா பந்தலுக்கடியில் மூக்கைப் பூவில் இடிக்கிற மாதிரி குனிந்து நின்றார். மடித்துக் கட்டிய வேட்டி மடிப்பில் ஆண் பூக்கள். இதழை உரிக்கத் தெரியாமல் பாதியைப் பிய்த்திருந்தார். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அம்மா பக்கத்தில் நின்றாள். சிரிப்பை அடக்கத்தான்.

“அந்த மூலையில ஒரு வரிசைய விட்டுட்டீங்க,” என்றாள்.

“ஒனக்குத்தான் கண்ணு தெரியாதே,” என்று சொல்லிவிட்டு, அப்பா அந்த மூலைக்குப் போனார்.