சிசிலி எழுதிய கேள்வி

பேருந்தில் ஏறினால் சிசிலிக்குக் கண் திறந்தபடியே கனவு வரும். மொன்ட்ரியால் நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் ஏறி மெட்ரோவுக்குப் போய்ச் சேரும்வரை, ஆவி படிந்த கண்ணாடியில் சொற்கள் வந்து நிற்பதும் கலைவதுமாக இருக்கும். இரண்டு தரம் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டியும் போயிருக்கிறாள். மன்னாரில் பிறந்து, முப்பது வயதுக்குப் பிறகு பிரெஞ்சு படித்த மனுஷி, இன்றைக்கு நகரசபையில் வாக்குச்சீட்டுக்குக் கேள்வி எழுதுகிறாள் என்றால் சும்மாவா!

அந்தப் பனிக்காலத்தில் வந்தது நகர சாசனத்தைத் திருத்துகிற விஷயம். கனடியப் பிரஜை ஆகாமல், ஆனால் இங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களும் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்து ஊரைக் கேட்கவேண்டும். கேட்கிற விதத்தில் ஒரு பக்கமும் சாயக்கூடாது. மதில்மேல் பூனைக்குக்கூட எந்தப் பக்கம் பாய்வது என்றொரு நினைப்பு இருக்கும். சிசிலியின் கேள்விக்கு அதுவும் ஆகாது.

சாயாமல் இருப்பது எப்படி? வீட்டில் ஞானேந்திரன் இருக்கிறாரே, அவளுடைய கணவர்! ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் நிற்கிறார். தக்காளி விலை குறைக்கச் சொல்லி வருகிறவர்களைப் பிரெஞ்சிலேயே சிரிக்க வைத்து, கத்தரிக்காயும் கட்டிக்கொடுத்து அனுப்புவார். அதே பிரெஞ்சைச் சோதனை மேசைக்கு முன்னால் இருத்திக் கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரஜாவுரிமைக்காகப் போய் இரண்டு தரம் பாதியில் எழும்பி வந்துவிட்டார். "ஐம்பத்தைஞ்சு வயசானால் சோதினை இல்லையாம், அதுவரைக்கும் பொறுப்பம்" என்பார். தேர்தல் நாளில் சிசிலி உள்ளே போக, அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு குளிரில் நிற்பார். அதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு எரியும். அந்த மனிதர் ஒரு தரமாவது உள்ளே போய் வாக்குச்சீட்டில் புள்ளடி போடவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதிய கேள்வியைப் பத்துப் பேரிடம் வாசிக்கக் கொடுப்பார்கள். இதை எழுதிய ஆள் 'ஆம்' பக்கமா, 'இல்லை' பக்கமா என்று அவரவர் ஊகத்தைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். சரிபாதியாகப் பிரிந்தால்தான் கேள்வி தேறும்.

முதல் தரம் 'நம்மோடு வாழும் அயலவர்கள்' என்று எழுதினாள். பேருந்துக் கண்ணாடியில் வந்த சொல், அழகாய்த்தான் இருந்தது. ஒன்பது துண்டில் 'ஆம்'. ஐயோ, குட்டு வெளிப்பட்டுவிட்டதே என்று காது சிவந்தது. பயந்துபோய் அடுத்த தரம் ஒரேயடியாய் மற்றப் பக்கம் விழுந்தாள். 'பிரஜாவுரிமை பெறாதவர்களுக்கும் வாக்கைக் கொடுத்துவிடுவதா?' எட்டுத் துண்டில் 'இல்லை'. பக்கத்து மேசை ஜென்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னக்கா, அண்ணையோட ஏதும் சண்டையோ?"

பிறகு மூன்று கிழமை அவள் நினைவு நிலத்தில் நிற்கவில்லை. யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். 'அயலவர்' போனது. 'நம்மோடு' போனது. 'பெறாதவர்' போனது. ஒவ்வொன்றும் போகப்போக, ஞானேந்திரன் வெள்ளைத் தெருவில் திரும்பிப் பாராமல் தூரத் தூர நடப்பதுபோல இருந்தது. மிஞ்சியது இவ்வளவு: 'நகரத்தில் ஓராண்டுக்கு மேல் வசிக்கும் நிரந்தர வதிவாளர்கள் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கும்படி சாசனம் திருத்தப்பட வேண்டுமா?'

ஐந்துக்கு ஐந்து. ஜென்சி கைதட்டினாள். அறிவித்தல் வெளிவரும்வரை, எந்தக் கேள்வியை யார் எழுதுகிறார் என்று வீட்டில் மூச்சுக் காட்டக்கூடாது என்பது விதி. சிசிலி காட்டவுமில்லை.

சித்திரையில், கேள்வி அச்சான அறிவித்தல் தபாலில் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு, வெயில் விழுந்த சமையலறை மேசையில் ஞானேந்திரன் அதை விரித்து வைத்து மூன்று தரம் வாசித்தார்.

"இதை எழுதின ஆளுக்கு எங்களைப்போல ஒருத்தரையும் தெரியாது போல கிடக்கு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

சிசிலி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான்தானப்பா எழுதினனான்."

அவர் கடதாசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பகிடி இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"அப்ப நீர் எந்தப் பக்கம், சிசிலி?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இருபத்திமூண்டு வருசமா உங்களோட சீவிக்கிறன். இதையும் வாயாலை சொல்லவேணுமே?"

"ஓம்," என்றார் ஞானேந்திரன். "சொல்லும்."