படுவான்கரைக் குரல்

நல்லரத்தினத்துக்கு ஃபோன் எடுத்தால் 'ஹலோ' வராது. கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கத்து மூச்சைக் கேட்பார். ஆள் யாரென்று பிடித்த பிறகுதான் வாய் திறக்கும். "சளி பிடிச்சிருக்கு மச்சான், இஞ்சித் தண்ணி குடி" என்பார். காத்தான்குடியில் கடை வைத்திருக்கும் அஹமட், "நீ என்ன பேயா மச்சான்?" என்று கத்துவார்.

வாவியில் இறால் பிடிக்கிறவருக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஊருக்குத் தெரியாது. மனைவி அன்னப்பூரணிக்கும் தெரியாது. சண்டைக் காலத்தில் ஐஸ் லொறியில் வேலை என்று சொல்லிவைத்திருந்தார். அத்தனையும் புளுகு. வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில், ஓர் ஆமிக் காம்பின் தகரக் கொட்டிலுக்குள் ஹெட்போனோடு இருந்தவர் அவர். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், இயக்கப் போராளிகள் வோக்கிடோக்கியில் பேசும் இரகசிய இலக்கங்களைக் கேட்டு, அவற்றின் பொருளை உடைத்துச் சொல்ல வேண்டும். விரும்பிப் போகவில்லை, பிடித்துக்கொண்டுபோய் உட்கார்த்தினார்கள். வெளியே தெரிந்தால் தலை போய்விடும்.

அங்கேதான் அவளைக் கேட்டார். பேசுமுன் வோக்கியை நகத்தால் டொக் டொக்கென்று தட்டுவாள். ஒவ்வோர் இலக்கத்தின் முடிவையும் கோழிகளைக் கூப்பிடுவதுபோல இழுப்பாள். இரைச்சலுக்குள் கிசுகிசுக்கிற குரல். கேட்கக் கேட்க அவருக்குக் கொட்டில் மறந்துபோகும், தண்ணீருக்கடியில் மிதக்கிற மாதிரி இருக்கும். அல்லி என்று பெயர் வைத்தார். பாவி மனுசன், முகம் தெரியாதவளின் குரலுக்காக விடிய விடியக் காத்திருந்தார். அவள் சொன்னதில் பாதியைக் காம்புக்குச் சொன்னார், பாதியை விழுங்கினார்.

சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்த நாளோடு அந்தக் குரல் நின்றது. அல்லி செத்துவிட்டாள் என்று, ஒருவருக்கும் சொல்ல முடியாமல் அழுதார். அந்தக் குழப்பத்தில் காம்பிலிருந்தும் நழுவினார். அகதிமுகாம் அடுப்படியில் அன்னப்பூரணியைக் கண்டார். வாவிக்கு அந்தப் பக்கம் மண்டூரில் தையல் வேலை, சித்தியைப் பார்க்கக் கடலோரம் வந்த இடத்தில் அலை அடித்தது, இனித் திரும்பிப் போவதில்லை என்றாள். கட்டிக்கொண்டார்கள்.

சண்டை முடிந்த பிறகு றஸீனா என்ற காத்தான்குடிப் பிள்ளை, நாலு சிநேகிதரும் ஒரு கமெராவுமாகப் படம் எடுக்க வந்தாள். சிரிப்புப் படம்தான், ஆனால் சிரிக்கும்போதே நெஞ்சைப் பிசையும். ஒட்டுக்கேட்கும் ஆட்கள் அந்த வேலையைப் பெண்சாதிமாருக்கு ஒளித்துப் படும் பாடுதான் கதை. படம் பிடிக்க நல்லரத்தினத்தின் வீட்டைக் கேட்டாள். "எடுங்க மகள்" என்றார். படத்தில் ஒட்டுமீசைக் கதாநாயகன் ஒரு மிடறு தேத்தண்ணி குடிப்பதற்குள் இரகசிய இலக்கங்கள் முழுவதையும் உடைத்துவிட்டான். 'அடேயப்பா, நான் ஒரு சொல்லுக்கு மாசக்கணக்கா மாரடிச்சனே' என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார்.

முதுகு மட்டும் தெரிகிற காட்சிக்கு நல்லரத்தினத்தையே ஹெட்போன் மாட்டி உட்கார்த்தினார்கள். வோக்கிக் குரலுக்கு ஆளில்லை. "அக்கா, குசினிக்குள்ள நிண்டு இந்த இலக்கங்கள ஒருக்கா வாசிங்களன்" என்று, அடுப்படியில் நின்ற அன்னப்பூரணியிடம் ஒரு வோக்கியை நீட்டினாள் றஸீனா. படப்பிடிப்பைக் கண்காணிக்க வந்த ஆமி அதிகாரி கதிரையில் சாய்ந்திருந்தார். தமிழ் நன்றாகத் தெரிந்தவர்.

டொக் டொக்.

"ஏழூ... நாலூ... ஒண்டூ..."

நல்லரத்தினம் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினார். ஐயோ, அல்லி! சாகவில்லை. இத்தனை வருசம் ஒரே பாயில் படுத்திருக்கிறாள். வீட்டில் "இஞ்சருங்க, விறகெங்க?" என்று வெண்கலத் தொண்டையில் கத்துகிறவளுக்குள் இந்தக் கிசுகிசுப்பை எப்படித் தேடுவது?

அதிகாரி நிமிர்ந்தார். "அக்கா, இது நடிப்பு இல்லையே. எங்க பழகினீங்க?"

அன்னப்பூரணி குசினி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் சொட்டு இரத்தம் இல்லை. விசாரணைக்கென்று ஆமி கூட்டிக்கொண்டு போனால் திரும்பி வருவாளா, யார் கண்டது?

நல்லரத்தினம் எழும்பினார். "நான்தான் சேர் பழக்கினன். இயக்கத்து ஆக்கள் இப்பிடித்தான் கதைப்பாங்க. உங்கட காம்பில இருந்து அவங்கள ஒட்டுக்கேட்டவன் நான். வேணுமெண்டா விசாரிச்சுப் பாருங்க."

"அட, நம்மட ஆளா!" அதிகாரி சிரித்தார். சாப்பாடு எப்போது என்று கேட்டார்.

அன்னப்பூரணி சிரிக்கவில்லை. படுவான்கரையில் தான் பேசியதையெல்லாம் இக்கரையில் இருந்து கேட்ட காதுகள் யாருடையவை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. நல்லரத்தினம் தலையைக் குனிந்து மறுபடி உட்கார்ந்தார். அடிப்பாளோ, போய்விடுவாளோ, எதுவென்றாலும் நியாயம்தான் என்று இருந்தார்.

அவள் கிட்ட வந்தாள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். சேலைத் தலைப்பால் அவருடைய வியர்த்த காதுகளை, முதலில் ஒன்றை, பிறகு மற்றதை, ஆறுதலாகத் துடைத்துவிட்டாள்.