நகுலேஸ்வரியின் சத்தப் பதிவேடு

லண்டன் மனோர் பார்க் நகுலேஸ்வரி யாரையும் போகிற போக்கில் வெறுப்பவர் அல்லர். ஒவ்வொரு வெறுப்புக்கும் தேதி, நேரம் குறித்து வைப்பார். 2009 இலையுதிர் காலத்தில் அந்தப் பதிவேடு முழுவதையும் பிடித்துக்கொண்டவர் அடுத்த வீட்டு க்ளோட். கரீபியன் தீவான ட்ரினிடாட்டில் பிறந்த கறுப்பர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. ஞாயிறு மூன்று மணியானால் அந்த வீட்டில் மேளம் தொடங்கிவிடும்.

கவுன்சில் தந்த படிவத்தில் எட்டு வாரம் விடாமல் பதிந்தார். "காப்பிலியின்ரை காட்டுச் சத்தம்" என்று அவர் சொல்லச் சொல்ல மகள் ஆங்கிலத்தில் எழுதினாள். கறுப்பரை இழிக்கும் அந்த முதற் சொல்லை மட்டும் ஒவ்வொரு முறையும் விழுங்கிவிட்டாள். சத்தம் தாங்காமல் கணவர் ஆனந்தராஜா அந்த நேரம் பார்த்து முருகன் கோயிலுக்கு ஓடவேண்டியிருக்கிறது என்பதும் புகாரில் இருந்தது.

ஒன்பதாம் ஞாயிறு கவுன்சில் அதிகாரி வந்தார். பெயர் பிரியந்தன். தமிழ்ப் பிள்ளை! பாதி வெற்றி. தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்து முடிய, சுவருக்கு அப்பால் மேளம் தொடங்கியது.

"கேட்டியளே தம்பி? மனுசர் அடிக்கிற அடியே இது?"

பிரியந்தனின் கால் தாளத்துக்குத் தானாக ஆடியது. "அன்ரி, இது எங்கட ஊர்க் கலியாணவீடுகளிலை ஆடுற பைலா எல்லோ?"

"உமக்கென்ன விசரே? போய் மேளத்தைப் பறியும்!"

பறிப்பதென்றால் அடிப்பவரை நேரில் காணவேண்டும். இருவரும் போய்க் கதவைத் தட்டினார்கள். க்ளோட் திறந்தார். அவர் கையில் ஒன்றும் இல்லை, மேளமோ நிற்கவில்லை. உள்ளே, நெற்றி நிறையத் திருநீறோடு, ஆனந்தராஜா கண்ணை மூடிக்கொண்டு வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். எட்டு வாரமாய் அவர் போன கோயில் இதுதான்.

பிரியந்தன் பேனையைத் திறந்தார். "அடிக்கிறவற்றை பேர் வேணும், அன்ரி. ஆரெண்டு தெரியுமோ?"

நாளைக்குக் கோயிலில் பூசைத்தட்டோடு நிற்கும் வரிசை முழுவதும் நகுலேஸ்வரியின் கண்ணில் வந்து திரும்பிப் பார்த்தது.

"பேரொண்டும் வேண்டாம். புகாரைக் கிழியும். இது சத்தமில்லை தம்பி, எங்கட சங்கீதம். மூத்தவளின்ரை கலியாணத்திலை நானே இதுக்கு ஆடினனான்."

"உன்ரை சங்கீதம் எங்கை கிடக்கு, நகுலம்?" ஆனந்தராஜா மேளத்தை நிறுத்தாமலே சொன்னார். "போத்துக்கீசன் அடிமையாய் இலங்கைக்குக் கொண்டந்த ஆபிரிக்கச் சனம் விட்டுப்போன தாளம். க்ளோட்டின்ரை ஆக்களை மற்றக் கடலாலை கொண்டு போனவங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்."

நகுலேஸ்வரி க்ளோட்டை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"அப்ப எட்டுக் கிழமையாய் இவர் எங்கட பைலாவைக் களவெடுத்துக்கொண்டிருக்கிறார்! தம்பி, புதுப் படிவம் ஒண்டு தாரும்."