கொழும்பு வழியாகப் பக்கத்து அறைக்கு

தொண்டைமானாற்றில் நீரேரியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மழை நாளில் அங்கே நீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். கட்டடமே மெல்ல மிதந்து போவது போலிருக்கும். அப்படியொரு காலையில் தாதி தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, இன்ரநெற் லைன் விழுந்திட்டுது. ஒருத்தற்ரை பதிவும் வருகுதில்லை. சனம் வெள்ளென வந்து காத்துக்கொண்டிருக்கு. இன்னொருக்கா இப்பிடி நடந்தா உங்கடை கொம்பியூட்டர் பெட்டியைக் கழட்டிப்போட்டு, பழையபடி மட்டையில எழுதுவம் எண்டு டொக்டர் சொல்லுறார்."

"பெட்டி பாவம், மிஸ். அதை ஒண்டும் செய்யாதேங்கோ. வாறன்."

நோயாளரின் பதிவுகள் மூன்று ஊர்களின் கணினிகளில் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. எவர் எங்கே முதலில் பதிந்தாரோ, அவருடையது அங்கே. அன்றைக்கு வருவோர் அனைவரின் பதிவுகளையும் நிலையம் காலையில் ஒரே கட்டாகக் கேட்கும். அந்தக் கட்டின் பின்னால் படிப்படியாகப் போய்ப் பார்த்தேன். அது முழுதாகக் கொழும்புக்குப் போனது. கொழும்பு அதைப் பிரித்து, பெரும்பகுதியைத் தொண்டைமானாற்றுக்கே திருப்பி அனுப்பியது. பதிவுகள் இருந்த பெட்டியோ தாதியின் மேசைக்கு அடுத்த அறையில். ஒரு கையெழுத்துக்கும் கொழும்புக்கு ரயிலேறிப் பழகியவர்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, இது ஒருவருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

அந்தக் கட்டை இங்கேயே பிரிக்கும்படி மாற்றினேன். இங்குள்ள பதிவுகளுக்கான கேள்விகள் சேர்ந்து நேரே பக்கத்து அறைக்குப் போகும். மற்றவை மட்டும் வெளியூருக்கு. ஒன்று தாமதித்தாலும் மற்றவை அதற்காக நிற்காது.

அடுத்த பெருமழைக்கு லைன் மறுபடி விழுந்தது. அன்று சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க நானும் போயிருந்தேன். தாதி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நாங்கள் அமர்ந்திருந்த வாங்கு மெல்ல மெல்ல வெறுமையாகி, கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன்.

"என்னை மறந்திட்டியளோ, மிஸ்?"

"உங்கடை பதிவு கொழும்பிலையெல்லோ, அண்ணை. லைன் வரட்டும்." சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பெட்டி இருக்கட்டுமாம். டொக்டர் சொன்னவர்."

பல வருடம் கொழும்பில் வேலை பார்த்தவன் நான். ஊருக்குத் திரும்பியபோது என் பதிவைக் கொண்டுவர நினைக்கவில்லை. என் சீனியும் நிறையும் இரத்த அழுத்தமும் கொழும்பில் ஏதோ ஓர் இருண்ட அறையில் கிடந்தன. அங்கே இப்போது வெயிலாகவும் இருக்கலாம். எனக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. நீரேரியின் மேல் மழை ஓசையின்றி நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.