சிவப்புப் பொட்டு வைத்த ஈயம்

எங்கள் ரேடியோப் பெட்டிக்கு மேல் ஒரு வலை ஈயம் இருக்கிறது, மீன்வலை தாழக் கட்டுகிற குண்டு. கட்டைவிரல் பருமன். நடுவில் கயிறு கோக்கத் துளை. பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு, நகத்துக்குப் பூசுகிற பூச்சு. வருகிறவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். பொட்டு வைத்தது என் மனைவியின் தங்கை. அப்போது யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழகம் வந்து சில வருடம்தான். அவள் அங்கே பௌதிகம் படித்தாள்.

ஒரு விடுமுறைக்குத் தொண்டைமானாற்றில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே ஒரு தகரப் பெட்டி, இரண்டு கார் பற்றரி. வானத்திலிருந்து துணிக்கைகள், தூசியிலும் சின்னத் துகள்கள், ஓயாமல் விழுகின்றனவாம். கண்ணுக்குத் தெரியாதாம். ஒன்று பெட்டிக்குள் புகுந்தால் 'டிக்' என்று கேட்கும், முன்னால் எண் ஒன்று கூடும். ஈயம் அதில் கொஞ்சத்தை மறிக்குமாம். எவ்வளவு என்று அவள் கண்டு எழுதவேண்டும். நன்றாகச் செய்தால் அடுத்த விடுமுறைக்குப் பேராசிரியர் இந்தியாவுக்கு அனுப்புவார். அங்கே தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி இதையே எண்ணுகிறார்களாம். வகுப்பில் ஒருவருக்குத்தான் இடம்.

"கம்பசிலை ஈயம் இல்லை அத்தான். உங்கடை வலையிலை இருக்குத்தானே."

"வலையை அறுத்துப்போட்டு நான் என்னத்தைப் பிடிக்கிறது? உன்ரை துணிக்கையையோ?"

மனைவி முறைத்தாள். அறுத்துக் கொடுத்தேன். இரண்டு சாக்கு. ஒன்றும் தொலையக்கூடாதென்று ஒவ்வொன்றிலும் பொட்டு வைத்தாள்.

முதல் இரண்டு நாளும் ஈயம் இல்லாமல் அவளே எண்ணினாள். மூன்றாம் நாள் ஒரு பற்றரி இறங்கிவிட்டது. மற்றதைப் பூட்டிவிட்டு, இறங்கியதைச் சார்ஜ் ஏற்றத் தூக்கிக்கொண்டு பருத்தித்துறைக்கு பஸ் ஏறினாள். "ஈயத்தை அடுக்கிப்போட்டு மணிக்கு மணி எண்ணை எழுதுங்கோ அத்தான்" என்றாள். எழுதினேன். அன்று கடலுக்குப் போகவில்லை. பின்னேரம் வந்து கொப்பியைப் பார்த்தாள். எண் ஒன்றும் குறையவில்லை.

"என்ரை இந்தியா போச்சு" என்று நிலத்தில் குந்திவிட்டாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். "ஈயம் எங்கை?"

"உதிலைதானே. கீழை." பெட்டிக்கு அடியில் மெத்தை மாதிரி அடுக்கியிருந்தேன்.

"கீழை வைக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

"ஈயத்தை ஆரும் மேலையோ வைக்கிறது? வலையிலை மிதப்பு மேலை, ஈயம் கீழை."

குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்தது. "நல்ல ஆளைப் பார்த்தெல்லோ வேலை குடுத்தனி!"

தங்கை கொப்பியில் நான் எழுதிய தாளைக் கிழிக்கப் போனாள். நான் விடவில்லை. "ஒரு நாள் முழுக்க இருந்து எழுதினது. கிழிக்காதை பிள்ளை."

அடுத்த நாள் பலகை போட்டு ஈயத்தை மேலே அடுக்கினோம். எண் குறைந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கீழே வைத்தால் குறையவில்லை. மேலே வைத்தால் குறைகிறது. அப்படியென்றால் மேலிருந்துதான் விழுகிறது, நிலத்திலிருந்து வரவில்லை. அதைச் சோதித்துப் பார்க்க அவள் நினைத்திருக்கவில்லை. பேராசிரியர் முதலில் நான் எழுதிய தாளைப் பற்றித்தான் கேட்டாராம். "இதை ஆர் யோசிச்சது?" அவள், "என்ரை அத்தான்" என்றாளாம். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. ஆனாலும் அவள் இந்தியாவுக்குப் போனாள்.

ஈயத்தைத் திரும்ப வலையில் கோத்தேன். கீழேதான். இப்போது கடலுக்குப் போவதில்லை. அவள் வெளிநாட்டில் படிப்பிக்கிறாள், தலை நரைத்துவிட்டது. போன வருடம் வந்தபோது, அலுமாரிக்கு அடியில் கிடந்த இந்த ஒன்றைக் கண்டாள். துடைத்து ரேடியோவுக்கு மேல் வைத்தாள்.

"மேலை அத்தான். இன்னும் பழகேல்லையோ?"

அவள் போனபின் மனைவி இரண்டு தரம் அதைக் கீழே எடுத்து வைக்கப் பார்த்தாள். நான் விடவில்லை.