கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை

கிரேன் ஓட்டுபவருக்குப் பயம் என்பதே கிடையாது என்று வேலைத்தளமே சொல்லும். சுத்தப் பொய். பத்தொன்பது வருடமாக நூற்றெண்பது படி இரும்பு ஏணியில் ஏறி இறங்கும் மனிதருக்குத் தன் முழங்கால் எலும்பைப் பற்றி உள்ளூர ஒரு பயம் உண்டு. அதனால்தான், ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு வந்த தாளில் ‘கால்சியம் உள்ளே போவதைத் தடுக்கும்’ என்று படித்ததும் மாத்திரைமேல் சந்தேகம் வந்தது. கால்சியம் இல்லாமல் எலும்பு என்னாவது? அடுத்த வாரமே கணுக்கால் இரண்டும் வீங்கி பூட்ஸ் ஏற மறுத்தது. போதாதா!

டாக்டரிடம் மூச்சு விடவில்லை. மனைவி தினமும் எடுத்துத் தரும் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி, தெருமுனை தாண்டியதும் துப்பினார். வீக்கம் வடிந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஒருநாள் காலை இரண்டு டன் கம்பிக்கட்டை உயரத் தூக்கியபோது பின்மண்டை விண்விண்ணென்று தெறித்தது. தொங்கிய கட்டு இரண்டாகத் தெரிந்தது. கீழே சைகை காட்டும் மச்சினன் வாக்கிடாக்கியில் கத்தினான்.

“மாமா, ஏன் நிறுத்திட்டீங்க? இடப்பக்கம் திருப்புங்க!”

“எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லு.”

“என்னாச்சு?”

“போகச் சொல்லுடா!”

ஆட்கள் தெறித்து ஓடினார்கள். ஒரு கண்ணை மூடினார், கட்டு ஒன்றானது. லீவரை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். ஆள் உயரத்தில் கட்டு ஒருமுறை ஆடியது. ஐயோ, போச்சு என்று நினைத்தார். பிறகு அது மண்ணில் உட்கார்ந்தது. இரண்டு பேர் ஏறி, இடுப்பில் கயிறு கட்டி அவரை இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் இருநூற்றுப் பத்து. ஊசி போட்டு அது இறங்கியதும், அவர் காரணத்தை மென்று விழுங்கிச் சொன்னார். மாத்திரை எழுதித் தந்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

“எலும்புல இருக்குற கால்சியத்தை இது தொடாதுங்க. ரத்தக் குழாய்ச் சதைக்குள்ள போறதைக் குறைச்சு, குழாயைத் தளர்த்தும், அவ்வளவுதான். இதுல சிலருக்குக் கால் வீங்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேனே. எத்தனை நாளா போடல?”

அருகில் நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்தார். பொய் வரவில்லை.

“நாற்பது நாள்.”

கட்டில் கம்பியைப் பிடித்து நின்ற மச்சினன் கேட்டான்.

“நாற்பது நாளும் நான் கீழதான நின்னேன், மாமா?”