பவுடரில் ஓடிய நீலக் கோடு

வெள்ளைப் பவுடர் பூசிய படகின் அடிவயிற்றில், நூல் கனத்தில் ஒரு நீலக் கோடு மெல்ல இறங்கி வந்தது. கீழே மணலில் மல்லாந்து கிடந்த அத்தான்தான் அதை முதலில் பார்த்தார். "அந்தா வாறா பாரு மகராசி!" என்று கூவினார். அந்த நிமிடத்தில் என் வேலை பிழைத்தது. ஆனால் எனக்குள் வந்தது நிம்மதி இல்லை, எரிச்சல். எத்தனையோ வருடம் போய்விட்டது. அந்தக் கோட்டை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சுக்குள் கொஞ்சம் புகையத்தான் செய்கிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். என்னைவிட நான்கு வயதுதான் மூப்பு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். குன்னத்துகால் பக்கம் ரப்பர் மரங்களில் பால் வெட்டுவார். மழைக்காலம் தொடங்குமுன் மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டுவது அவருடைய தனி வேலை. மரத்தைச் சுற்றித் தார் தடவி, அதன்மேல் பிளாஸ்டிக்கைச் சுருக்குவைத்து ஒட்டுவார்கள். தண்டு வழியே இறங்கும் மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் சிரட்டையில் விழுந்த பால் கெட்டது. அத்தான் கட்டிய மரத்தில் தண்ணீர் இறங்காது என்று தோட்டக்காரர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவன் நான். பாலிடெக்னிக்கில் படித்தேன். எனக்காக யாரும் எங்கும் காத்திருக்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. அப்பாதான் பிரச்சினை. கூலிவேலை செய்து என்னைப் படிக்கவைத்தவர், நான் படித்து முடித்ததும் என்னிடம் பேசுவதையே குறைத்துவிட்டார். நான் தின்னும்போது ஓரமாக நிற்பார், ஏதோ வீட்டுக்கு வந்த அதிகாரியிடம் பேசுவதுபோல அளந்து பேசுவார். ஆனால் சாயங்காலம் அத்தானின் பைக் சத்தம் கேட்டுவிட்டால் போதும். "என்ன மருமகனே, இண்ணைக்கு மரத்த வெட்டினியா, இல்ல மரம் உன்னய வெட்டிச்சா?" என்று தொடங்குவார். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு காதில் விழாமலிருக்க, புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை எத்தனை தடவை படித்திருப்பேன்!

எனக்கு முதல் வேலை கிடைத்தது பூவாரில், நெய்யாறு கடலில் சேருமிடத்தில் இருந்த ஒரு விடுதியில். விருந்தாளிகளுக்கான படகுகளைப் பராமரிக்க வேண்டும். மூன்று மாதம் சோதனைக்காலம். அங்கே இரண்டு பேர் உட்காரும் சின்னப் பாய்ப்படகு ஒன்று ஃபைபரில் உண்டு. அதன் தரைத்தட்டுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே மூடிய வெற்றிடம். படகை மிதக்கவைப்பது அதற்குள் இருக்கும் காற்றுதான். ஒருமுறை போய் வந்தால் அந்த இடத்தில் அரைக்குடம் தண்ணீர் ஏறியிருக்கும். கரையில் இழுத்துப்போட்டுப் பின்பக்கத் தக்கையைப் பிடுங்கினால் கொடகொடவென்று கொட்டும். தண்ணீர் நிற்பது பின்னால்தானே என்று பின்பக்கத்தையே அடைத்தேன். தக்கைக்குப் புது வாஷர் போட்டேன். சுக்கான் மாட்டிய திருகாணிகளைக் கழற்றிப் பசை வைத்து முறுக்கினேன். மறுநாளும் அரைக்குடம்.

மூன்றாவது தடவை செய்த காரியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அக்கா வீட்டுக்குப் போனபோது, அத்தானிடம் கேட்காமல், மரத்துக்குப் பூசும் தாரை ஒரு டப்பாவில் எடுத்துவந்தேன். அவருக்குக் கைகொடுத்தது எனக்குக் கொடுக்காதா? பின்பக்க இணைப்பு முழுக்க அப்பினேன். மரத்தடி நிழலில் நிற்கும் தார் வேறு, உச்சிவெயிலில் மணலில் கிடக்கும் படகுத் தார் வேறு என்பது என் டிப்ளமோவுக்குத் தோன்றவில்லை. அது உருகி, விருந்தாளி ஒருவரின் வெள்ளைக் கால்சட்டையில் கருப்பாய் ஒட்டியது. தண்ணீரும் நிற்கவில்லை. ஓணத்துக்குள் படகு சரியாகாவிட்டால் கொச்சியிலிருந்து வேறு ஆளை வைத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

வீட்டில் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "மருமகன் ஒருதடவ வந்து பாக்கட்டுமே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; ஓணத்துக்குப் பத்து நாள்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் கூடவே கிளம்பி வந்தார். என்னோடு ஒரு ஆளைத்தான் உள்ளே விடுவேன் என்று காவலாளி சொன்னதால், எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். அத்தான் படகை ஒரு சுற்றுச் சுற்றினார். என் தார் வேலையைப் பார்த்ததும் குனிந்து மோந்தார்.

"இது நம்ம டப்பாவுல உள்ளதாக்குமே?"

நான் தக்கையைத் திருகுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"கேட்டிருந்தா நானே கொண்டுவந்து தந்திருப்பேனே மக்கா. அது போட்டும். ஓட்ட பின்னாடிதான்னு உனக்கு யாரு சொன்னா?"

"தண்ணி அங்கதானே நிக்குது அத்தான்."

"பாலு சிரட்டையிலதான் நிக்குது. அதுக்குன்னு சிரட்டையா சுரக்குது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

படகைப் பழைய டயர்கள்மேல் ஏற்றினோம். பின்பக்கத்துக்கு இன்னொரு டயர் கொடுத்து மூக்கைத் தாழ்த்தினார். வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துக் காயவைத்து, குழந்தைக்குப் போடும் பவுடரை அடிப்பக்கம் முழுக்கத் தட்டினார். ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலக்கி, முன்பக்க மூடியைத் திறந்து வெற்றிடத்துக்குள் ஊற்றச் சொன்னார். "ஒரு விரல் ஒசரம் போதும். கூடுனா கனத்துல படகு பிளந்துரும்." வெளியே இருந்து உள்ளே வரும் வழிதானே, உள்ளே இருந்து வெளியேயும் போகும் என்பது அவர் கணக்கு.

கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒரு விரல் ஊற்றினோம். அப்போதும் இல்லை. என் வேலை போய்விடும் என்று தெரிந்தும், ஓட்டை கிடைக்கக் கூடாதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். இதைவிட ஒளிவில்லாமல் அந்த நாளைப் பற்றி என்னால் சொல்ல முடியாது.

அப்போதுதான் அந்த நீலக் கோடு வந்தது. படகின் நடுவே ஒரு நீள வெட்டு உண்டு. காற்றில் படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க அதன் வழியே ஒரு பலகையை நீருக்குள் இறக்குவோம். அந்த வெட்டின் முன்மூலையில், முடி அகலத்தில் ஒரு விரிசல். பலகையைத் தூக்காமலே விருந்தாளிகள் ஆறு கடலில் விழும் பொழியின் மணல்மேட்டில் கொண்டுபோய் மோதியதில் உண்டானது. அங்கே நுழைந்த தண்ணீர், கரையில் பின்பக்கம் தாழ்ந்து கிடக்கும்போது பின்னால் ஓடிவந்து நின்றிருக்கிறது. தண்ணீரை வடித்து, காயவைத்து, விரிசலைச் சுரண்டி, ஃபைபர் துணியும் பசையும் இரண்டடுக்கு வைத்தேன். அந்த வேலை எனக்குச் சுத்தமாக வரும். அது மட்டும் என்னுடையது.

பசை இறுகிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "ஆரா கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றேன்.

அத்தான் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். கை ஒரு நொடி நின்றது. பிறகு நிமிராமலே, "அவன் படிச்சவனாக்குமே சார்" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா டீக்கடையிலிருந்து ஓடிவந்தார். என்னைத் தாண்டி அத்தானிடம்தான் கேட்டார், "என்னாச்சு மருமகனே?"

"நான் என்னத்துக்கு வந்தேன்னே தெரியல மாமா. உங்க மகனே கண்டுபிடிச்சுப்போட்டான்."

அப்பாவின் கை என் முதுகில் விழுந்தது. சட்டைக்கு மேலேகூட அந்தக் காய்ப்பு தெரிந்தது. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கை அங்கேயே இருக்கட்டும் என்று பேசாமல் நடந்தேன்.

வேலை நிரந்தரமானது. ஊரில் யார் அகப்பட்டாலும் அப்பா அந்தக் கதையைச் சொன்னார். அத்தான் பக்கத்தில் இருந்து ஆமாம் போட்டார். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் என்னை அரித்தது. கையில் இருந்ததை எடுத்து எனக்குத் தந்துவிட்டு, தந்ததையே மறந்துவிட ஒருவருக்கு எப்படி முடிகிறது? எனக்கு முடியாதே. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம், தாங்காமல், அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தார் எடுத்ததிலிருந்து சொன்னேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப மருமகன் இத்தன நாளும் எனக்கிட்ட கள்ளம் சொல்லிக்கிட்டா இருந்தான்!" உடனே போனை எடுத்தார். "எடேய் பெருங்கள்ளா, கள்ளம் வெளிய வந்துட்டு கேட்டியா!" அந்தப் பக்கமும் சிரிப்பு. உண்மை சொன்ன நான் தூணோரம் நிற்க, பொய் சொன்னவருக்கு இந்தக் கொஞ்சல்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் மாறியிருந்தது.

"எலே, உனக்கு நாணம் இல்லியாலே? கூடப்பிறந்தவளுக்க மாப்பிள செஞ்ச வேலய நீ செஞ்சேன்னு சொல்லுவியா? இதுக்காலே உன்னய படிக்கவச்சேன்? மூக்குமுட்டத் தின்னதெல்லாம் எங்கலே போச்சு, கழுத?"

அதிகாரியிடம் பேசுகிற குரல் இல்லை அது. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்பா நிறுத்தவில்லை, நானும் தலைகுனிந்து, ஒரு வார்த்தையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். அத்தானை அப்பா ஒருநாளும் இப்படித் திட்டியதில்லை.